கோளென்று பதிவான விண்மீன்: ஹெச்டி 33636 நிகழ்வு ஆய்வு

மார்கழி இரவில் ஓரியன் மண்டலத்தைப் பார்ப்பவர்கள், பெல்லாட்ரிக்ஸ் விண்மீனுக்குச் சற்று மேற்கே பைனாகுலரைத் திருப்பினால், ஏழாம் ஒளித்தரத்தில் மங்கலான ஒரு புள்ளியைக் காணலாம். பட்டியலில் அதன் பெயர் ஹெச்டி 33636. கிட்டத்தட்ட நம் சூரியனை ஒத்த விண்மீன், சுமார் 92 ஒளியாண்டு தொலைவு. 2002இலிருந்து அதைச் சுற்றி ஒரு புறக்கோள், அதாவது நம் சூரியனல்லாத விண்மீனைச் சுற்றும் கோள், இருப்பதாகப் பதிவு இருந்தது. 2007இல் அந்தக் கோளை எடைபோட்டுப் பார்த்தபோது அது ஒரு விண்மீன் என்று தெரிந்தது.

யாரும் தவறாக அளக்கவில்லை. முதலில் வெளியான எண்ணும் சரி, பிறகு வெளியான எண்ணும் சரி. அப்படியிருந்தும் ஒரு விண்மீன் ஐந்து ஆண்டுகள் கோளாக உலவியது எப்படி என்பதைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். ஆய்வாளர்களின் பெயர்கள் இங்கே தேவைப்படவில்லை. குழுக்கள் என்றே சொல்கிறேன்.

பின்னணி

1995இலிருந்து புறக்கோள்களைத் தேடியவர்களின் முதன்மைக் கருவி ஆரத்திசைவேக முறை. கோள் சுற்றும்போது தாய் விண்மீனும் சின்னதாக ஒரு வட்டம் போடுகிறது. அது நம்மை நோக்கி வரும்போது நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும், விலகும்போது சிவப்புப் பக்கமும் நகரும். வினாடிக்குச் சில மீட்டர் வேகத்தைக்கூட இதில் பிடிக்கலாம். ஆனால் பிடிபடுவது நம்மை நோக்கிய வேகம், நம்மை விட்டு விலகும் வேகம் இரண்டு மட்டுமே. பக்கவாட்டு அசைவைப் பற்றி நிறமாலை வாய் திறக்காது.

செக்கு சுற்றும் மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் நின்று பார்த்தால் மாடு நம் பக்கம் வருகிறது, பிறகு போகிறது. அதே மாட்டைப் பனை உச்சியிலிருந்து குனிந்து பார்த்தால் வருவதும் இல்லை, போவதும் இல்லை, வட்டம் மட்டும்தான். கோளின் பாதையை நாம் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பது ஆரத்திசைவேகத்தில் தெரியாது. அதனால் அந்த முறை தருவது உண்மையான நிறையை அன்று. நிறையை, பாதைச் சாய்வின் சைனால் பெருக்கி வரும் எண்ணைத்தான் தருகிறது. துறைக்காரர்கள் அதை 'எம் சைன் ஐ' என்பார்கள். உண்மை நிறை அதற்குக் குறையாது. எவ்வளவு கூடும் என்று மட்டும் சொல்ல முடியாது.

பாதையைப் பக்கவாட்டில் பார்த்தால் சாய்வு 90 பாகை, சைன் 1. நேர்மேலிருந்து பார்த்தால் சாய்வு 0, சைனும் 0. இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறோம் என்பதில்தான் கோளா, பழுப்புக் குள்ளனா (கோளுக்கும் விண்மீனுக்கும் நடுப்பட்ட பொருள்), விண்மீனா என்ற கேள்வி முழுவதும் இருக்கிறது.

கவனிக்கப்பட்டவை

ஹெச்டி 33636இன் தள்ளாட்டத்தை இரண்டு தனித்தனிக் குழுக்கள் பிடித்தன. ஒன்று அமெரிக்கத் தொலைநோக்கிகளில் வேலை செய்த குழு. மற்றது பிரான்ஸின் ஒத்-ப்ரோவான்ஸ் ஆய்வகத்தில் எலோடி என்ற நிறமாலைமானியை வைத்திருந்த குழு. ஒன்றையொன்று சாராத இரண்டு கருவிகள் ஒரே அசைவைக் காட்டியதால் தள்ளாட்டம் உண்மை என்பதில் சந்தேகத்துக்கு இடமிருக்கவில்லை.

தரவுகள் சேரச் சேர, சுற்றுக்காலம் சுமார் 2,117 நாள் என்று நிலைபெற்றது, அதாவது 5.8 ஆண்டு. பாதை நன்றாக நீண்டது, மையப்பிறழ்ச்சி (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு) 0.48. விண்மீனின் வேக வீச்சு வினாடிக்கு ஏறத்தாழ 164 மீட்டர். இவற்றிலிருந்து கிடைத்த குறைந்தபட்ச நிறை வியாழனைப்போல் 9.3 மடங்கு.

9.3 என்பது சற்றே சங்கடமான எண். 13 வியாழ நிறைக்கு மேல் போனால் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் எரியத் தொடங்கும், பழுப்புக் குள்ளன் என்ற பெயர் வந்துவிடும். பாதை 45 பாகை சாய்ந்திருந்தாலே 13ஐ எட்டிவிடும். ஆகவே இது கோளாகவே இருக்க வேண்டும் என்பது தொடக்கத்திலேயே உறுதியில்லாத ஒன்று. அறிவிப்புக் கட்டுரைகளில் 'குறைந்தபட்ச' என்ற சொல் முறையாக இருந்தது. பட்டியல்களில் அது பத்தித் தலைப்பாகச் சுருங்கியது. பேச்சில் காணாமலே போனது.

இதற்கிடையே 2005இல் ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கி, கோள்கள் உள்ள விண்மீன்களில் தூசுத் தட்டுகள் இருக்கின்றனவா என்று பார்த்தபோது, ஹெச்டி 33636இலும் தூசின் வெப்பம் பிடிபட்டது. கோளும் தூசும் சேர்ந்திருக்கும் அமைப்புகளின் சிறு பட்டியலில் இதுவும் ஓர் உறுப்பினரானது. இப்படித்தான் ஒரு தற்காலிக அடையாளம் வேறு முடிவுகளுக்கு அடித்தளமாகிவிடுகிறது.

எடுத்த முடிவும் காரணமும்

டெக்சஸ் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஒரு குழு, இந்தப் பாதையின் சாய்வை நேரடியாக அளக்க முடிவு செய்தது. வழி: வானளவியல். வானில் விண்மீனின் இடத்தைத் துல்லியமாகக் குறித்து, அது எப்படி நகர்கிறது என்று வரைவது. ஆரத்திசைவேகம் காட்டாத பக்கவாட்டு அசைவை இது காட்டும். இரண்டையும் சேர்த்தால் முப்பரிமாணப் பாதை கிடைத்துவிடும்.

வானளவியலுக்கு அப்போது நல்ல பெயர் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1855இல் நம் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், 70 ஒஃபியூகி என்ற இரட்டை விண்மீனின் இட மாற்றங்களில் ஒழுங்கின்மையைக் கண்டு, அங்கே கோள் போன்ற ஒரு பொருள் இருக்கலாம் என்று எழுதினார். அது நிற்கவில்லை. 1963இல் பர்னார்டு விண்மீனுக்குக் கோள் உண்டென்று பெரிதாக அறிவிக்கப்பட்டது. பத்தாண்டுக்குள் அது தொலைநோக்கியின் சொந்தக் கோளாறு என்று ஆனது. இந்த வரலாறு தெரிந்தவர்கள் மில்லிவிகலை அளவில் எதையாவது கண்டதாகச் சொன்னாலே புருவத்தை உயர்த்துவார்கள்.

அளவைப் பற்றி ஒரு வரி. பஞ்சாங்கத்தில் வருகிற பாகை, கலை, விகலை கணக்குதான் இங்கும். ஒரு விகலை என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு. மில்லிவிகலை அதிலும் ஆயிரத்தில் ஒன்று.

இந்த விண்மீனைத் தேர்ந்ததில் கணக்கு இருக்கிறது. சுற்றுக்காலம் நீளம், துணைப்பொருள் (விண்மீனைச் சுற்றும் பொருள்) கனம், தொலைவு அதிகமில்லை. மூன்றும் சேர்ந்தால் தள்ளாட்டம் பெரிதாகத் தெரியும். பாதையைப் பக்கவாட்டிலேயே பார்த்தாலும், 9.3 வியாழ நிறையுள்ள பொருள் இந்த விண்மீனைச் சுமார் 1 மில்லிவிகலை ஆரத்தில் அசைக்கும். ஹப்பிளின் ஒரு தனி அளவீட்டுத் துல்லியமும் ஏறக்குறைய அதே 1 மில்லிவிகலைதான். பல முறை அளந்தால் குறைந்தபட்சமே எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கிறது; சாய்வு குறைவானால் இன்னும் எளிது.

அளந்த விதம்

ஹப்பிள் தொலைநோக்கியின் படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இங்கே பயன்பட்டது கேமரா அன்று. தொலைநோக்கியை ஆடாமல் பிடித்து வைக்கும் வழிகாட்டு உணரி. மூன்று உணரிகளில் இரண்டு தொலைநோக்கியைப் பிடித்து நிற்க, மூன்றாவதை அறிவியல் கருவியாகப் பயன்படுத்தலாம். அது ஒளிக் குறுக்கீட்டை வைத்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு விண்மீனின் இடத்தை அளக்கும். பார்க்க வேண்டிய விண்மீன், பிறகு அருகிலுள்ள பின்புல விண்மீன்கள், மறுபடி முதல் விண்மீன் என்று தாவித் தாவி அளப்பார்கள். நடுவில் கருவி நகர்ந்திருந்தால் இந்தத் திரும்பிப் பார்த்தலில் அது தெரிந்துவிடும்.

அளவீடுகள் 1.2 ஆண்டுக் காலத்தில் எடுக்கப்பட்டன. அதே குழு டெக்சஸின் மெக்டொனால்டு ஆய்வகத்தில் உள்ள ஹாபி-எபர்லி தொலைநோக்கியில் 1.3 ஆண்டுக்கு நெருக்கமான இடைவெளிகளில் புதிய ஆரத்திசைவேகங்களையும் எடுத்தது. முன்பு வெளியானவற்றோடு சேர்த்தபோது வேகத் தரவு ஒன்பது ஆண்டுக்கு நீண்டது. ஒரு முழுச் சுற்றையும் தாண்டிய நீளம் அது. இவ்வளவு நெருக்கமாக எடுத்ததற்கு இன்னொரு நோக்கமும் உண்டு: மறைந்திருக்கும் இன்னொரு துணைப்பொருள் கணக்கைக் கெடுக்கிறதா என்று சோதிப்பது.

5.8 ஆண்டுப் பாதையை 1.2 ஆண்டு அளந்து எப்படிச் சாய்வைச் சொல்ல முடியும்? இந்த நிகழ்வின் நுட்பமான இடம் இதுதான்.

வானில் இந்த விண்மீன் மூன்று வகையில் நகர்கிறது. பூமி சூரியனைச் சுற்றுவதால் வரும் இடமாறு தோற்றம் 35.6 மில்லிவிகலை. விண்வெளியில் அதன் சொந்த ஓட்டம் ஆண்டுக்கு 200 மில்லிவிகலையைத் தாண்டும். இந்த இரண்டுக்கும் உள்ளே ஒளிந்திருக்கிறது தள்ளாட்டம். குறுகிய காலத்தில் தள்ளாட்டத்தின் ஒரு துண்டு கிட்டத்தட்ட நேர்கோடாக இருக்கும். அதைச் சொந்த ஓட்டத்தோடு குழப்பிக்கொள்ள நிறைய வாய்ப்பு. வளைவு மட்டுமே பிரித்துக் காட்டும்.

குழு செய்தது என்னவென்றால், இரண்டு தரவுகளையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதிக்குள் கொண்டுவந்து ஒரே நேரத்தில் தீர்த்தது. சுற்றுக்காலம், மையப்பிறழ்ச்சி, எந்த நாளில் பாதையின் எந்த இடம் என்பதெல்லாம் ஆரத்திசைவேகத்திலிருந்து வந்துவிடும். அதோடு ஒரு கட்டுப்பாடும் உண்டு: தள்ளாட்ட ஆரத்தைச் சாய்வின் சைனால் பெருக்கி இடமாறு தோற்றத்தால் வகுத்தால் வரும் எண், வேக வீச்சிலிருந்து வரும் எண்ணோடு ஒத்துப்போயாக வேண்டும். இந்த விண்மீனுக்கு அந்தப் பெருக்கல் 1 மில்லிவிகலைக்கு அருகில். சாய்வு 90 பாகையானால் தள்ளாட்டம் 1. சாய்வு 4 பாகையானால் தள்ளாட்டம் 14. வானளவியல் கண்டுபிடிக்க வேண்டியதாக மிஞ்சுவது சாய்வும், பாதை வானில் எந்தத் திசையில் கிடக்கிறது என்பதும். கேள்வி அவ்வளவு சிறுத்துவிட்டதால்தான் 1.2 ஆண்டு போதுமானதாயிற்று.

பின்புல விண்மீன்களின் தொலைவை மாறாத எண்ணாகத் திணிக்காமல், அவற்றின் நிறத்திலிருந்தும் நிறமாலையிலிருந்தும் வந்த மதிப்பீடுகளைப் பிழை எல்லையோடு கணக்கில் சேர்த்தார்கள். சின்ன விஷயமாகத் தெரியலாம். பழைய வானளவியல் அறிவிப்புகள் சறுக்கிய இடங்களில் பாதி இப்படிப்பட்ட சின்ன விஷயங்கள்தான் என்பது என் எண்ணம்.

விடை

தள்ளாட்ட ஆரம் 14.2 மில்லிவிகலை. சாய்வு 4.1 பாகை, பிழை எல்லை 0.1. இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள நாணயத்தை 360 கிலோமீட்டர் தொலைவில் பிடித்தால் அதன் அகலம் 14 மில்லிவிகலை அளவுதான் தெரியும். நமக்கு அது ஒன்றுமேயில்லை. ஹப்பிள் எதிர்பார்த்த குறைந்தபட்சத்தோடு ஒப்பிட்டால் பதினான்கு மடங்கு.

நாம் பனை உச்சியில் இருந்திருக்கிறோம்.

இனி நிறை. 9.3ஐ 4.1 பாகையின் சைனால், அதாவது சுமார் 0.0715ஆல், வகுத்தால் 130 வருகிறது. குழு அறிவித்தது 142, பிழை எல்லை 11. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று போட்டுப் பார்த்தேன். 'எம் சைன் ஐ' கணக்கு, துணைப்பொருளின் நிறை தாய் விண்மீனுக்கு முன்னால் ஒரு பொருட்டே இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. கோளுக்கு அது சரி. இங்கே துணைப்பொருள் சூரிய நிறையில் 0.14, தாய் விண்மீன் 1.02. மொத்த நிறையைச் சரியாகச் சேர்த்தால் இன்னும் ஒன்பது விழுக்காடு கூடுகிறது, 142 வந்துவிடுகிறது. கோள் என்ற அனுமானம் கணக்குக்குள்ளேயே எவ்வளவு ஆழமாக உட்கார்ந்திருந்தது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

142 வியாழ நிறை என்பது பழுப்புக் குள்ளனின் எல்லையையும் தாண்டியது. 80 வியாழ நிறையை ஒட்டிய இடத்திலேயே ஹைட்ரஜன் எரியத் தொடங்கிவிடும். ஆகவே இது ஒரு சிவப்புக் குள்ள விண்மீன். அதன் ஒளி தாய் விண்மீனின் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இரண்டுக்கும் நடுவே வானில் பத்தில் ஒரு விகலையை ஒட்டிய இடைவெளிதான். நிறமாலையில் அது தலைகாட்டாமல் போனதில் ஆச்சரியமில்லை. அந்த மங்கல் அளவீட்டுக்கு நன்மையும் செய்தது: ஹப்பிள் அளந்த ஒளி மையம், அதாவது இரண்டின் ஒளியும் சேர்ந்து தெரியும் இடம், தாய் விண்மீனின் இடமேதான்.

ஒரு பாதை தற்செயலாக 4.1 பாகைக்குள் சாய்ந்திருக்க வாய்ப்பு ஏறத்தாழ 390இல் ஒன்று. இவ்வளவு அரிதான ஒன்று நம்மிடமா வந்து மாட்டியது என்று தோன்றும். தேடல் நடந்த முறையைப் பார்த்தால் அந்த வியப்பு குறையும். இதே சிவப்புக் குள்ளன் பக்கவாட்டுப் பாதையில் இருந்திருந்தால் தாய் விண்மீனை வினாடிக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஆட்டியிருக்கும். இரட்டை விண்மீன் என்று உடனே தெரிந்து, கோள் தேடும் பட்டியலிலிருந்து நீங்கியிருக்கும். நமக்கு உச்சிப் பார்வையில் கிடந்து ஏமாற்றுபவை மட்டும் சல்லடையில் தங்கும். இரட்டை விண்மீன்கள் வானில் ஏராளம். அதனால் சல்லடையில் தங்குபவையும் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும்.

பிறகு நடந்தவை

2007இல் கட்டுரை வெளியானதும் ஹெச்டி 33636 கோள் பட்டியலிலிருந்து விலகியது. பெயரில் ஓர் எழுத்து மாறியது: கோள்களுக்குச் சிறிய 'பி', துணை விண்மீன்களுக்குப் பெரிய 'பி'. தூசுத் தட்டு மட்டும் அங்கேயே இருக்கிறது. ஆனால் கோளும் தூசும் சேர்ந்திருப்பதற்கான சான்றுகளில் ஒன்றாக அதை இனி எண்ண முடியாது.

அதே வழிகாட்டு உணரி பிறகும் வேலை செய்தது. குறைந்தபட்சம் 12 வியாழ நிறை என்று இருந்த ஹெச்டி 136118இன் துணைப்பொருள் 2010இல் 42 வியாழ நிறையுள்ள பழுப்புக் குள்ளனானது. அதே ஆண்டு உப்சிலான் ஆண்ட்ரோமெடேயின் இரண்டு கோள்களின் பாதைகள் ஒன்றுக்கொன்று சுமார் 30 பாகை சாய்ந்திருப்பது தெரிந்தது. எல்லாமே வெற்றி என்று சொல்ல முடியாது. வானளவியலால் நிறை கண்ட முதல் புறக்கோளான கிளீசே 876 பி-க்கு 2002இல் ஹப்பிள் கொடுத்த சாய்வு சுமார் 84 பாகை. அந்த அமைப்பின் கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதை வைத்துப் பின்னால் செய்த கணக்குகள் 50, 60 பாகையை ஒட்டி நின்றன.

இதைவிடப் பழைய கணக்கு ஒன்றும் தீர்ந்தது. 1989இல் ஹெச்டி 114762க்கு 84 நாள் சுற்றுக்காலத்தில், குறைந்தபட்சம் 11 வியாழ நிறையுள்ள துணைப்பொருள் அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர்களே பழுப்புக் குள்ளனாக இருக்கலாம் என்று எச்சரிக்கையாகத்தான் எழுதினார்கள். 1991இல் வேறொரு குழு, இந்த விண்மீனின் சுழற்சி வேகம் வெகு குறைவாகத் தெரிகிறதே, நாம் இதை உச்சியிலிருந்து பார்க்கிறோமோ என்று கேட்டது. கேள்வி சரியானது. விடைக்கு, விண்மீன்களின் இடங்களை அளக்கும் கையா விண்கலம் வர வேண்டியிருந்தது. 2022 ஜூனில் வெளியான அதன் மூன்றாம் தரவு வெளியீட்டை ஆரத்திசைவேகங்களோடு சேர்த்தபோது, அதுவும் ஒரு சிவப்புக் குள்ளன்தான் என்றானது. முப்பத்து மூன்று ஆண்டு.

இன்று செய்தால் எதை மாற்றலாம்

முதலாவது, வரிசை. 2002இல் தேடியவர்களிடம் வேறு வழி இல்லை. இன்று குறைந்தபட்ச நிறை 5 வியாழனைத் தாண்டி, சுற்றுக்காலமும் ஆண்டுக்கணக்கில் இருந்தால், பட்டியலில் சேர்க்கும் முன்பே கையாவுக்கு முந்தைய வானளவியல் விண்கலமான ஹிப்பார்க்கஸ் காலத்து இடத்தையும் கையா காலத்து இடத்தையும் ஒப்பிட்டுச் சொந்த ஓட்டம் வளைகிறதா என்று பார்த்துவிடலாம். இரண்டுக்கும் இடையே கால் நூற்றாண்டு இருக்கிறது. 14 மில்லிவிகலைத் தள்ளாட்டம் அதில் ஒளிந்துகொள்வது கடினம்.

இரண்டாவது, விண்மீனின் சுழற்சியைப் பார்ப்பது. வயதுக்கும் செயல்பாட்டுக்கும் பொருந்தாமல் சுழற்சி குறைவாகத் தெரிந்தால் உச்சியிலிருந்து பார்க்கிறோம் என்ற சந்தேகம் எழ வேண்டும். இது சான்றாகாது, விண்மீனின் அச்சும் தொலைவில் சுற்றும் பொருளின் பாதையும் ஒன்றாகச் சாய்ந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் செலவில்லாத எச்சரிக்கை.

மூன்றாவது, எதிர்த்திசையிலும் இதே கண்டிப்பு. வானளவியல் மட்டும் காட்டும் கோள்களையும் அப்படியே நம்புவதற்கில்லை. கிட்டத்தட்ட ஒரே பிரகாசமுள்ள இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றினால் ஒளி மையம் கொஞ்சம்தான் அசையும், கோள் இழுப்பது போலவே தெரியும். கையா குறித்துக் கொடுத்த 28 விண்மீன்களை ஒரு குழு ஆரத்திசைவேகத்தால் பின்தொடர்ந்தபோது 21 இப்படி இரட்டைகளாக முடிந்தன. கையா-4பி, கையா-5பி இரண்டும் 2025இல் உறுதியாயின. முதலாவது சுமார் 12 வியாழ நிறையுள்ள கோள், இரண்டாவது 21 வியாழ நிறையை ஒட்டிய பழுப்புக் குள்ளன். கையா காட்டிய இன்னொரு கோள், ஒரு வெள்ளைக் குள்ளனைச் சுற்றுவதாகச் சொல்லப்பட்டது, மென்பொருள் பிழை என்று 2023இல் திரும்பப் பெறப்பட்டது.

ஹெச்டி 33636இல் ஆரத்திசைவேகம் சொன்ன பொய்யை வானளவியல் திருத்தியது என்று சிலர் இந்த நிகழ்வைச் சொல்வதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒன்பது ஆண்டு வேகத் தரவு இல்லாமல் ஹப்பிளின் 1.2 ஆண்டு எதையும் சொல்லியிருக்காது.

கையா 2025 ஜனவரியில் தன் அறிவியல் அளவீடுகளை முடித்துக்கொண்டது. அதன் நான்காம் தரவு வெளியீடு 2026 டிசம்பரில் வருவதாக அறிவிப்பு. ஒவ்வொரு விண்மீனையும் ஒவ்வொரு முறை அளந்த தனித்தனி இடங்களும் அதில் வெளிவரும். பட்டியல்களில் இன்னும் 'குறைந்தபட்ச நிறை' என்ற பத்தியில் உட்கார்ந்திருக்கும் கனமான கோள்கள் பலவற்றின் சாய்வை அதை வைத்து யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்.